ஓரிடத்தில் அமராத பிள்ளை

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி மாங்காட்டில் நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மலர் என்றால் வெற்றி பெற்றோரின் ஒளிப்படங்கள் இடம்பெறுவது வழக்கம். பட்டம் பெற்றோர், அரசுப் பணி பெற்றோர், பொதுத் தேர்வில் முதன்மை பெற்றோர் ஆகியோரை நாம் பெருமையுடன் அச்சிடுகிறோம். அது முறையே. ஆயினும் நமக்கு அளிக்கப்பட்ட இச்சிறிது நேரத்தை, எந்த மலரிலும் படம் இடம்பெறாத ஒரு பிள்ளைக்காகச் செலவிட விரும்புகிறோம். அவனை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். "அறுந்த வால்" என்பார்கள். "காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன்" என்பார்கள். ஆசிரியர் கேள்வியை முடிக்குமுன் விடை சொல்வான்; அந்த விடை பாதி தவறாக இருக்கும். நான்கு வரி எழுதுவான். ஐந்தாம் வரிக்கு முன் பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்குவான். வாரத்தில் மூன்று ரப்பரைத் தொலைப்பான். வீட்டுப்பாடத்தை எழுதியிருப்பான், எழுதிய நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவான். எழுதினேன் என்று அவன் சொல்லும்போது எவரும் நம்பமாட்டார்கள்.

மாங்காட்டில் நின்று கவனத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. இவ்வூரின் பெயரைச் சொன்னவுடனே, ஐந்து தீயின் நடுவே ஒற்றைக் காலில் நின்று காமாட்சி தவம் இயற்றினாள் என்னும் தலபுராணம் பலர்க்கும் நினைவு வரும். நம்பிக்கை அவரவர் உரிமை. அதனுள் நாம் புகவில்லை. ஆனால் ஒற்றைக் காலில் நிற்பதைத் தவம் என்று போற்றிய இதே நாட்டுப் பள்ளிக்கூடங்களில்தான், அசைந்த சிறுவனை ஒற்றைக் காலில் நிறுத்துவது தண்டனையாகவும் இருந்து வந்தது. உள்ளம் ஒருமைப்பட்டவர்க்கு உடல் தானே அடங்கும். உடலை அடக்கிவிட்டால் உள்ளமும் ஒருமைப்பட்டுவிடும் என்று எண்ணி நம் நாட்டு வகுப்பறைகள் பல தலைமுறைகளை வீணாக்கின.

இத்தகைய பிள்ளைகளுள் ஒரு சாராருக்கு இருப்பது வெறும் குறும்பு அன்று. மருத்துவர் இனங்காணக்கூடிய ஒரு வளர்ச்சிக் குறைபாடு. கவனக் குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்று தமிழில் வழங்குகிறார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஏ.டி.எச்.டி. என்பதே மருத்துவமனைகளில் வழக்கம். இது நேற்று முளைத்த நோய் என்றும், செல்பேசி வந்த பிறகு வந்தது என்றும் சிலர் கூறுகிறார்கள். அவ்வாறன்று. 1798ஆம் ஆண்டிலேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஒன்றிலும் கவனத்தை நிறுத்த இயலாதாரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில், அறிவு நன்றாக இருந்தும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத சிறுவர்களை விரிவாக வருணித்தார். அவர் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று கருதினார். மருத்துவ உலகம் அக்கருத்தைக் கடந்து வந்துவிட்டது. 1968, 1980, 1987 என்று மும்முறை பெயர் மாறி, ஒவ்வொரு முறையும் விளக்கம் தெளிவடைந்தது. நம் ஊர்களில் பலர் இன்னும் 1902ஆம் ஆண்டிலேயே நிற்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இன்றைய விளக்கம் யாது? 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, கவனக் குறைவுக்கு ஒன்பது அடையாளங்களையும், மிகை இயக்கத்துக்கும் முன்பின் எண்ணாத அவசரத்துக்கும் ஒன்பது அடையாளங்களையும் கூறுகிறது. ஏதேனும் ஒரு தொகுதியில் ஆறேனும் இருத்தல் வேண்டும். ஆறு மாதமேனும் நீடித்திருத்தல் வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுதல் வேண்டும். இக்கடைசி விதியைப் பெற்றோரும் ஆசிரியரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒழுங்காக இருந்து, ஒரே ஓர் ஆசிரியரின் வகுப்பில் மட்டும் அடங்காமல் இருக்கும் பிள்ளையைப் பற்றி ஆராய்வதற்கு முன், அந்த வகுப்பைப் பற்றிச் சற்று ஆராய்வது நலம்.

"இரண்டு மணி நேரம் செல்பேசியைப் பார்க்கிறானே, அப்போது கவனம் எங்கிருந்து வந்தது?" என்று தாய்மார்கள் கேட்பது இயல்பு. நியாயமான கேள்விதான். இப்பிள்ளைகளிடம் கவனமே இல்லை என்பது பொருள் அன்று. வேண்டிய இடத்தில் அதனைச் செலுத்தவும், வேண்டாத இடத்திலிருந்து திருப்பவும் கடிவாளம் போதவில்லை என்பதே பொருள். செல்பேசி நொடிக்கு ஒரு புதுமையைத் தந்து தானே கவனத்தை இழுத்துக்கொள்கிறது. ஏழாம் வாய்ப்பாடு அவ்வாறு இழுப்பதில்லை. அதனிடம் பிள்ளைதான் போக வேண்டும். 2007இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தார் 223 ஏ.டி.எச்.டி. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அதே எண்ணிக்கையுள்ள பிற பிள்ளைகளுடன் ஒப்பிட்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். மூளையின் புறணி ஒரு குறிப்பிட்ட முதிர்ச்சி நிலையைப் பிற பிள்ளைகளிடம் ஏறத்தாழ ஏழரை வயதிலும், இப்பிள்ளைகளிடம் பத்தரை வயதிலும் அடைகிறது. தன்னைக் கட்டுப்படுத்தும் திறனுக்குரிய முன்பகுதியில் இத்தாமதம் மிகுதி. வளர்ச்சியின் வழி அதேதான், காலம் பிந்துகிறது. இது அறிவுக் குறைவு அன்று என்பதை அழுத்திச் சொல்கிறோம். கணக்கில் முதல்வனாக வரக்கூடிய பிள்ளையும் இதில் உண்டு.

இனி, நம் சமுதாயத்தைத் தொடும் இடத்துக்கு வருவோம்.

உலக அளவில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகள் அளவில் இக்குறைபாடு உண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருவர். நம் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் வினாத்தாள் கொடுத்து நிகழ்த்திய அவ்வாய்வு, 2013இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. மொத்தத்தில் நூற்றுக்கு 11.32 பேரிடம் இக்குறைபாடு காணப்பட்டது. அதைப் பிரித்துப் பார்த்தால், நடுத்தர வருவாய்க் குடும்பங்களில் 6.84, வருவாய் குறைந்த குடும்பங்களில் 16.33.

இந்த 16.33 என்ற எண்ணை இளைஞர்கள் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். "பார்த்தீர்களா, அவர்கள் பிள்ளைகளுக்குப் புத்தி அப்படி" என்று சொல்ல ஒரு சாரார் ஆயத்தமாக இருப்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் விடை இது. முதலாவது, அவ்வாய்வு வருவாயைப் பிரித்துப் பார்த்தது, சாதியை அன்று. இக்குறைபாடு குடும்ப வழியில் பெரிதும் வருவது என்பதும் உண்மை. தந்தைக்கு இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு மிகுதி. ஆனால் குடும்ப வழி வேறு, சாதி வேறு. செல்வர் தெருவிலும் அது குடும்ப வழியில்தான் வருகிறது. இரண்டாவது, வறுமை பிள்ளையின் மூளையைக் கருவிலிருந்தே தொடுகிறது. குறைமாதத்தில் பிறத்தல், எடை குறைந்து பிறத்தல், ஈயம் உடலில் சேர்தல் ஆகியவை இக்குறைபாட்டோடு தொடர்புடையவை என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நிறைமாதக் கர்ப்பிணியாகச் சித்தாள் வேலைக்குப் போகிறவள் யார்? பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறைகளில் கூலிக்கு நிற்பவர் யார்? அந்த எண்ணை நம் பிள்ளைகளின் மேல் எழுதுவதற்கு முன், இக்கேள்விகளுக்கு விடை எழுதட்டும். மூன்றாவது, அந்தக் கணக்கு பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய வினாத்தாளால் ஆனது. வினாத்தாள் என்பது சல்லடை போன்றது. அதில் தங்கிய ஒவ்வொருவரையும் மருத்துவர் தனித்தனியே பார்த்த பின்பே முடிவு கூற இயலும். மேலும், ஆசிரியரின் கண்ணும் சமுதாயத்தின் கண்ணே. ஒரே செயலை ஒரு பிள்ளை செய்தால் "துறுதுறுப்பு" என்றும், மற்றொரு பிள்ளை செய்தால் "சேரிப் புத்தி" என்றும் பெயர் வைத்த கண்கள் இந்நாட்டில் இன்னும் மூடிவிடவில்லை.

இவ்விரு பெயர்களுக்கும் இடையே உள்ள தொலைவில்தான் நம் பிள்ளையின் வாழ்வு விழுந்து கிடக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பையனுக்கு இதே குறைபாடு இருந்தால் தனிப்பயிற்சி ஆசிரியர் வருவார், நகரத்து மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள், ஒரு பள்ளி ஒத்துவராவிடில் வேறு பள்ளியில் சேர்ப்பார்கள். ஒன்றும் முடியாவிட்டால் தகப்பனாரின் கடை இருக்கிறது. நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தவிர வேறு சொத்து கிடையாது. அது கைவிட்டால் அவன் போகும் இடங்களை நீங்கள் அன்றாடம் காண்கிறீர்கள்: பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் தண்ணீர் கேன் ஏற்றும் வண்டி, பஞ்சர் ஒட்டும் கடை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலி. எந்தத் தொழிலும் இழிவன்று. ஆனால் அது அவன் தேர்ந்துகொண்டதாக இருக்க வேண்டும்.

அமைதியற்ற பிள்ளை எல்லாம் ஏ.டி.எச்.டி. பிள்ளை என்று முடிவு கட்டுவதும் பெருந்தீங்கு. காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை முதல் பாடவேளையில் எதையும் காதில் வாங்காது. 2022இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தின் பயன் இதனால்தான் பெரிது. பசியினால் துவண்டவன் யார், உணவுக்குப் பின்னும் நிலைகொள்ளாதவன் யார் என்று பிரித்தறியும் வாய்ப்பும் ஆசிரியர்க்கு அதனால் கிட்டியது. இரத்தசோகை, குடற்புழு, கரும்பலகை தெரியாத கண், சீழ் வடிந்து செவி மந்தமான காது இவற்றை எல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும். ஓரறை வீட்டில் இரவுப் பணி முடிந்து தகப்பனார் வந்து கதவைத் தட்டும்போதெல்லாம் விழித்துக்கொள்ளும் பிள்ளை, மறுநாள் வகுப்பில் ஒன்று தூங்கும், அல்லது துள்ளும். குடித்துவிட்டு அடிக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையின் கண் எப்போதும் வாயிலிலேயே இருக்கும். அதற்கும் கவனக் குறைவு என்று பெயர் சூட்டுவது அநியாயம்.

வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னாளில் நம் பெற்றோர் பலர்க்குப் பிள்ளை பிறந்த தேதி தெரியாது; சேர்க்கைப் பதிவேட்டில் ஆசிரியரே ஒரு நாளை எழுதிக்கொள்வார். நம் தலைமுறையில் இத்தனை பேர் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்திருப்பதன் இரகசியம் அதுவே! இக்காலத்தில் பிறப்புச் சான்று இருக்கிறது. ஆனால் பிள்ளையைச் சீக்கிரம் சேர்த்துவிடும் அவசரம் குறையவில்லை. கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அங்கே டிசம்பரில் பிறந்தவனே வகுப்பில் இளையவன். அவ்வாறு பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு, ஜனவரியில் பிறந்த மூத்தவர்களைக் காட்டிலும் 30 விழுக்காடு கூடுதலாக இக்குறைபாடு இருப்பதாக எழுதப்பட்டிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளையைப் போல் அமரவில்லை என்பதை நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். நம் ஆசிரிய நண்பர்கள் பெயர்ப் பதிவேட்டில் பிறந்த தேதியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு பேசுவது நல்லது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இக்குறைபாடு பையன்களிடம் மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. பெண்ணிடம் அது ஓட்டமாகவும் சாட்டமாகவும் வராமல், பல நேரங்களில் அமைதியான கனவாக வருகிறது. சன்னலோரம் அமர்ந்திருப்பாள், யாரையும் தொந்தரவு செய்யமாட்டாள், கேட்டால் எழுந்து நின்று விழிப்பாள். "நல்ல பெண், ஆனால் படிப்பு ஏறவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் குழாயடியில் வரிசை நிற்கவும் ஆள் தேவைப்படுவதால், படிப்பு ஏறாத பெண்ணை நிறுத்துவதற்கு எவரும் இரண்டு முறை யோசிப்பதில்லை. தொல்லை தரும் பையனைப் பற்றியாவது பள்ளியில் பேச்சு நடக்கும். இவளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

அடியைப் பற்றி ஒரு சொல். "கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஐயா" என்று பிள்ளையைக் கையில் ஒப்படைத்த பெற்றோரை எந்த ஆசிரியரும் மறக்க இயலாது. அச்சொல்லில் கொடுமை இல்லை. கல்வியின் மீது கொண்ட பெருநம்பிக்கை இருக்கிறது. எழுத்து மறுக்கப்பட்ட பரம்பரை, எந்த விலை கொடுத்தேனும் எழுத்தை வாங்கிவிடத் துடித்ததன் குரல் அது. ஆயினும் அடி இங்கே உதவாது. தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் முதிராத பிள்ளைக்கு அடியின் வலி நினைவிருக்கும். எதற்காக அடி என்பது அடுத்த முறை கை நீளும் நொடியில் நினைவுக்கு வராது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. கிட்டப் பார்வை உள்ளவனைப் பிரம்பால் அடித்துக் கரும்பலகையைப் படிக்கச் சொல்வோமா?

அப்படியானால் வகுப்பில் செய்யத்தக்கது யாது?

இருக்கையிலிருந்து தொடங்குவோம். இத்தகைய பிள்ளையைக் கடைசி வரிசைக்கோ மூலைக்கோ தனியே அனுப்புவது எளிய வழி. நம் சமுதாயத்துக்குத் தனி இருக்கை என்றால் என்னவென்று தெரியும். சதாராவில் சிறுவன் பீமராவ் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியில், மற்ற பிள்ளைகளிடமிருந்து விலகி அமர்ந்து படித்தார். அந்தச் சாக்குத் துணியின் வரலாற்றை ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் மேடையேறிப் பேசும் நாம், இன்னொரு பிள்ளை மூலையில் அமர்த்தப்படுவதைக் கண்டு வாளாவிருத்தல் தகாது. 2023இல் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்தப் பரிந்துரைத்தது. சாதிவாரியாக அமரும் கேட்டை ஒழிக்க அது நல்ல வழி. அதோடு, கண், காது, கவனம் ஆகியவற்றில் குறையுள்ள பிள்ளைக்கு முன்வரிசையில் ஓரிடத்தை விதிவிலக்காக வைப்பதும் வேண்டும் என்பது நம் கருத்து. ஆசிரியரின் கை எட்டும் தொலைவு; வாயிலுக்கும் சன்னலுக்கும் விலகிய இடம்; பக்கத்தில் நிதானமான ஒரு தோழன். இதற்கு ஒரு காசு செலவில்லை.

அடுத்தது கட்டளை. "நோட்டை எடு, 42ஆம் பக்கம் திற, மூன்றாம் கணக்கைப் போடு, முடித்ததும் கொண்டு வந்து காட்டு" என்று ஒரே மூச்சில் நான்கு கட்டளைகளை இடுகிறோம். இப்பிள்ளையின் மனத்தில் முதலாவது மட்டுமே தங்கும். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு விழிப்பான். நாம் திமிர் என்போம். ஒன்றைச் சொல்லி, அது முடிந்த பின் அடுத்ததைச் சொன்னால் பெரும்பாலும் செய்துவிடுகிறான். பத்துக் கணக்கை நான்கு, மூன்று, மூன்று என்று பிரித்துக் கொடுத்தால் பத்தையும் முடிக்கிறான். அசைய வேண்டியவனுக்கு அசைய ஒரு காரணம் கொடுக்கலாம்: சுண்ணக்கட்டி எடுத்து வர, வருகைப் பதிவேட்டை அலுவலறையில் வைக்க, மணி அடிக்க. 2015இல் அமெரிக்காவின் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வில், இப்பிள்ளைகள் மிகுதியாக அசைந்துகொண்டிருக்கும்போது நினைவில் நிறுத்திச் செய்யும் பணிகளை மேலும் நன்றாகச் செய்தனர் என்று கண்டார்கள். காலாட்டுவது அவனுக்குப் பாடம் கேட்கும் வழியாகவும் இருக்கலாம்.

பாராட்டு உடனே கிடைக்க வேண்டும். ஆண்டு விழாப் பரிசு இவனுக்கு நெடுந்தொலைவு. ஒரு சிறு அட்டையில் மூன்று செயல்களை எழுதி — சொன்ன பக்கத்தைத் திறந்தான், கை தூக்கிப் பேசினான், எழுதியதை முடித்தான் என்பன போல — நாள்தோறும் நட்சத்திரக் குறி இட்டு வீட்டுக்கு அனுப்பும் முறை பல நாடுகளில் பயன் கண்டது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நட்சத்திரத்தை எண்ணுவாள். அதுகாறும் பள்ளியிலிருந்து புகாரையே கேட்டு வந்த தாய்க்கு, ஒரு நாள் இரண்டு நட்சத்திரம் வந்தால் அவ்வீட்டில் நிகழும் மாற்றத்தை நாம் கண்டிருக்கிறோம்.

சொல்வது எளிது, இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கும் பள்ளியில் எப்படி நடக்கும் என்று ஆசிரிய நண்பர்கள் முணுமுணுப்பது நம் காதில் விழுகிறது. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கையால் செய்தும் எழுந்து நடந்தும் கற்பது நமக்குப் புதிதன்று. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அவ்வழியில் எழுந்த பஞ்சமர் பள்ளிகளில், மேல்நாட்டுக் கிண்டர்கார்ட்டன் முறையை நம் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார்கள். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பின் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், பிள்ளை தானே எழுந்து சென்று அட்டையை எடுத்து, பாயில் அமர்ந்து படித்து, ஏணிப் படத்தில் தன் படியைப் பார்த்துக்கொண்டான். அமராத பிள்ளைக்கு அது பெரிய விடுதலை. அடுத்த அட்டை எது என்று தானே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததும், நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசியதும் அவனுக்கு இடைஞ்சல். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பது நல்லதே. ஆனால் கவனம் சிதறுவதால் மட்டும் ஒரு பிள்ளை ஆண்டு முழுதும் அரும்பிலேயே நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பு முறைகளால் மட்டும் போதாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு மருத்துவம் வேண்டும். தாயத்தும் மந்திரிப்பும் இங்கே பயன்படா. அவற்றுக்குச் செலவிடும் பணம் பேருந்துக் கட்டணத்துக்கு ஆகும். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே ஏச்சுச் சொல்லாக்கி வைத்திருக்கும் நம் வழக்கத்தால், மனநல மருத்துவர் என்றதும் குடும்பமே கலங்குகிறது. கலங்க வேண்டியதில்லை. மெத்தில்பெனிடேட் என்ற மருந்து பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. 1999இல் அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதங்கள் கண்காணித்து வெளியிட்ட பெரிய ஆய்வு, முறையாகக் கவனித்துத் தரப்படும் மருந்து இக்குறைபாட்டின் அடையாளங்களை நன்கு குறைப்பதாகக் காட்டியது. பெற்றோர் பயிற்சியும் வகுப்பறை முறைகளும் உடன் சேரும்போது பிள்ளையின் பிற நடத்தைகளிலும் பயன் தெரிந்தது. மருந்தால் பசி குறையலாம், தூக்கம் குறையலாம். ஆகவே எடையையும் உயரத்தையும் மருத்துவர் பார்த்துவர வேண்டும். மருத்துவர் சீட்டின்றி இதனைக் கொடுத்தலாகாது. ஒரு வீட்டுப் பிள்ளையின் மாத்திரையை மற்றொரு வீட்டுக்குக் கடன் தருதலும் ஆகாது. மிகச் சிறு பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோர் பயிற்சியே பரிந்துரைக்கப்படுகிறது.

சட்டத்தின் நிலையையும் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனிப் பெயராக இல்லை. ஆனால் இக்குறைபாடு உள்ள பிள்ளைகளில் கணிசமானோர்க்கு எழுத்திலோ படிப்பிலோ கணக்கிலோ கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கும். அதனையும் சோதித்துச் சான்று பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்பு வந்த பின் ஓடுவதைவிட ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்குவது நன்று.

இறுதியாக, சங்கத்தாரிடம் சில வேண்டுகோள்கள். நம் பரிசுகள் மதிப்பெண் வரிசையில் செல்கின்றன, அது இருக்கட்டும். மாலைப் படிப்பகங்களில், கூச்சல் மிகுந்தவுடன் "நீ வீட்டுக்குப் போ" என்று முதலில் அனுப்பப்படுபவன் இப்பிள்ளையே என்பது எங்கும் உள்ள நடைமுறை. நம் படிப்பகத்தில் அவ்வாறு எவரையும் அனுப்புவதில்லை என்று ஒரு தீர்மானம் வேண்டும். அவனோடு அமர ஒரு கல்லூரி மாணவர் வேண்டும். இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓட்டம் என்று நேரம் வகுத்துக்கொண்டால் போதும்.

மற்றொன்று மருத்துவமனைக்குத் துணை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும், வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடமும் முதலில் காட்டலாம். அவர்கள் அனுப்பும் இடம் காஞ்சிபுரமாகவோ எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையாகவோ இருக்கும். தொலைபேசியில் வழி கேட்க 14416 என்ற அரசின் மனநல உதவி எண் உண்டு. ஆனால் தாய் தனியே சென்றால், ஒரு நாள் கூலியை இழந்து, எந்தக் கட்டடம் என்று தெரியாமல் திரும்பி வருகிறாள். இரண்டாம் முறை போவதில்லை. உடன் செல்பவர் வகுப்பாசிரியர் எழுதித் தரும் ஒரு பக்கக் குறிப்பையும் வாங்கிச் செல்ல வேண்டும். வீட்டுக்கு வெளியே பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதை மருத்துவர் கட்டாயம் கேட்பார். வெளிநோயாளர் சீட்டு காலையிலேயே வாங்க வேண்டியிருப்பதால், மாங்காட்டிலிருந்து விடியற்காலைப் பேருந்திலேயே புறப்படுதல் நலம். வரும் கல்வியாண்டில் மாதம் ஒரு நாள் இதற்கு ஒதுக்க இயன்ற இளைஞர்கள், இன்று கூட்டம் முடிவதற்குள் தம் பெயரைச் செயலாளர் அவர்களிடம் எழுதிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.